மார்க் ட்வெயின் சரித்திரமும் ஒரு பாடப்புத்தக வழக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சற்றேறக்குறைய நூற்று நாற்பது வருஷங்களாக ஒரு நூலின்மீது வழக்கு நடந்துவருகிறது. நீதிஸ்தலம்வரை சென்ற வழக்கும் அதில் உண்டு. ஆயினும் நூல்நிலையக் கமிட்டிகளிலும், பாடசாலை நிர்வாக சபைகளிலும், பெற்றோர் கூட்டங்களிலும் நடந்த விசாரணைகளே மிகுதி. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பது ஹக்கிள்பெரி ஃபின் என்னும் பையனின் கதையாகிய நாவல். வெள்ளையரின் நிறத்துவேஷத்தை உள்ளிருந்தே பிளந்து காட்டிய நூல் என்று ஒரு சாரார் அதைப் போற்றுகின்றனர். இழிசொல்லை வகுப்பறைக்குள் கொண்டுவந்து கறுப்புக் குழந்தையின் நெஞ்சைப் புண்படுத்தும் நூல் என்று மற்றொரு சாரார் அதைப் பாடத்திட்டத்தினின்றும் விலக்கக் கோருகின்றனர். இரு சாராரிலும் நல்லோர் உளர், அறிஞரும் உளர். ஆதலால் தீர்ப்புக் கூறுமுன் நூலை இயற்றியவருடைய சரித்திரத்தை அறிந்துகொள்வது நமது கடமையாகும்.

மார்க் ட்வெயின் என்பது புனைபெயர். ஸாமுவேல் லாங்ஹார்ன் க்ளெமென்ஸ் என்பதே இயற்பெயர். 1835-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி மிஸ்ஸூரி ராஜ்யத்தில் பிளாரிடா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு நான்கு வயது ஆகும்போது குடும்பம் மிஸ்ஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள ஹானிபால் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. மிஸ்ஸூரி அடிமை முறையைச் சட்டமாகக் கொண்ட ராஜ்யம். ஸாமுவேலின் தகப்பனாரும் அடிமைகளை வைத்திருந்தவரே. 1841-ம் வருஷத்தில் அடிமைகளைத் தப்புவிக்க முயன்ற மூவர்மீது வழக்கு நடந்தபோது, அம்மூவரையும் சிறைக்கு அனுப்பிய ஜூரர்களில் அவரும் ஒருவர். அவர் கொடியவர் என்று ஊரில் எவரும் கருதவில்லை. நேர்மையும் கண்ணியமும் உள்ளவர் என்றே பெயர் பெற்றிருந்தார். கண்ணியமான மனிதர் அநீதியான காரியத்தை மனச்சாட்சியின் உறுத்தல் சிறிதுமின்றிச் செய்ய இயலும் என்ற உண்மையை ஸாமுவேல் தம் வீட்டிலேயே கண்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய பெருநூலின் கரு அதுவே.

அந்நாளில் கோவிற் பிரசங்கிகள் அடிமை முறை தெய்வ சம்மதமானது என்று போதித்தனர். பத்திரிகைகள் அதை எதிர்த்து எழுதவில்லை. குழந்தைகளுக்கு வேறு கொள்கை ஒன்று உண்டென்பதே தெரியாது. ஆனால் இச்சிறுவனுக்கு வேறு இரண்டு பள்ளிக்கூடங்கள் வாய்த்தன. ஒன்று, தாயின் சகோதரி புருஷரான ஜான் குவார்ல்ஸ் என்பவரின் பண்ணை. அங்கே டேனியல் என்னும் நடுவயது அடிமை ஒருவர் இருந்தார். அறிவும் பொறுமையும் பரந்த இரக்கமும் உடைய அம்மனிதரின் குடிசையில் இரவு நேரங்களில் அமர்ந்து சிறுவர்கள் கதை கேட்பார்கள். நாவலில் வரும் ஜிம் என்னும் பாத்திரத்துக்கு மூலபுருஷர் இவரே என்று ட்வெயின் தமது சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார்.

மற்றொரு பள்ளிக்கூடம் தாயார் ஜேன். வீட்டில் ஸாண்டி என்னும் அடிமைச் சிறுவன் ஒருவன் இருந்தான். மேரிலாந்து ராஜ்யத்தில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டவன். நாள் முழுவதும் பாடிக்கொண்டும் கூச்சலிட்டுக்கொண்டும் இருப்பான். சத்தம் பொறுக்கமாட்டாத ஸாமுவேல் தாயாரிடம் முறையிட்டான். தாயாரின் கண்களில் நீர் பெருகிற்று. அவன் பாடும்போது தன் தாயை நினைக்கவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம், மௌனமாயிருந்தால் நினைக்கிறான் என்றல்லவோ அஞ்சவேண்டும் என்ற பொருள்பட அவ்வம்மையார் விடை கூறினார். அதன்பின் ஸாண்டியின் பாட்டு அவனுக்குத் தொல்லையாகத் தோன்றவில்லை.

பதினோராவது வயதில் தகப்பனாரை இழந்த ஸாமுவேல் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குச் சேர்ந்தார். 1853-ம் வருஷத்தில் ஊரைவிட்டு வெளியேறினார். 1859-ல் மிஸ்ஸிஸிப்பி நதியில் நீராவிக் கப்பலோட்டும் மாலுமியாக லைசென்ஸு பெற்றார். 1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டு நதிப் போக்குவரத்து நின்றது. அப்போது அவர் தென்பகுதியாருக்குச் சார்பான ஒரு தொண்டர் கூட்டத்தில் இரண்டு வாரம் சேர்ந்திருந்து, பின்பு விலகி, தமையன் ஓரியனுடன் மேற்கே நெவாடாவுக்குப் போய்விட்டார். அடிமை முறையைக் காக்க எழுந்த படையில் இரண்டு வாரமேனும் நின்றவர் என்பதை அவருடைய அபிமானிகள் மறைக்க வேண்டுவதில்லை. அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எவ்வளவு தூரம் நடந்தார் என்பது விளங்கும்.

நெவாடாவில் பத்திரிகைத் தொழிலில் புகுந்து 1863-ல் மார்க் ட்வெயின் என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டார். நதியின் ஆழத்தை அளக்கும் மாலுமிகளின் குறிச்சொல் அது. 1870-ம் வருஷத்தில் அவர் மணந்துகொண்ட ஒலிவியா, நியூயார்க் ராஜ்யத்தின் எல்மைரா நகரத்து ஜெர்விஸ் லாங்டன் என்பவரின் குமாரத்தி. லாங்டன் அடிமை முறையை எதிர்த்தவர். தப்பி ஓடிவரும் அடிமைகளுக்கு உதவியவர். கறுப்பரின் பெருந்தலைவராகிய ப்ரெடரிக் டக்ளஸின் நண்பர். பின்னர் ட்வெயின் குடியேறிய ஹார்ட்போர்டு நகரில், டாம் மாமாவின் குடிசையை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் அண்டை வீட்டுக்காரர். சகவாசம் மனிதனை மாற்றுமென்பதற்கு இவர் ஒரு திருஷ்டாந்தம்.

எல்மைராவில் அவருடைய மைத்துனி வீட்டில் மேரி ஆன் கார்டு என்னும் சமையற்கார அம்மையார் இருந்தார். அவர் முன்னாள் அடிமை. ஏலத்தில் கணவனையும் ஏழு குழந்தைகளையும் பறிகொடுத்து, யுத்த காலத்தில் கடைசி மகன் ஒருவனை மட்டும் மீண்டும் கண்டவர். எப்போதும் சிரித்த முகமாயிருந்த அவருக்குக் கஷ்டம் என்பதே இருந்திராது போலும் என்று எண்ணியிருந்த ட்வெயின், அவர் வாயாலேயே அவ்வரலாற்றைக் கேட்டு வாயடைத்துப் போனார். அதை அவருடைய நடையிலேயே எழுதி 1874-ம் வருஷம் அட்லாண்டிக் மாதப் பத்திரிகையில் வெளியிட்டார். ஹாஸ்யக்காரர் என்று மட்டும் பெயரெடுத்திருந்தவர் வேறொரு துறையில் இறங்கியது அன்று முதலே.

ஹக்கிள்பெரி ஃபின் நாவலை 1876-ல் தொடங்கி, இடையிடையே நிறுத்தி, 1883-ல் முடித்தார். 1884-ம் வருஷம் டிசம்பரில் இங்கிலாந்திலும், 1885-ம் வருஷம் பிப்ரவரியில் அமெரிக்காவிலும் அது வெளியாயிற்று. கதை யுத்தத்துக்கு முற்பட்ட காலத்தது. குடிகாரத் தகப்பனிடமிருந்து தப்பிய ஹக் என்னும் வெள்ளைப் பையனும், தெற்கே விற்கப்படுவதற்கு அஞ்சி ஓடிவந்த ஜிம் என்னும் அடிமையும் ஒரே தெப்பத்தில் நதியில் மிதந்து செல்கின்றனர். ஓடிவந்த அடிமையைக் காட்டிக்கொடாமலிருப்பது மகாபாவம் என்று ஹக்கிற்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. ஜிம்மைக் காட்டிக்கொடுக்க ஒரு கடிதமும் எழுதிவிடுகிறான். பிறகு ஜிம் தனக்குச் செய்த உபகாரங்களை நினைக்கிறான். கடிதத்தைக் கிழித்தெறிந்து, நரகத்துக்கே போவதானாலும் போவேன் என்று தீர்மானிக்கிறான். தான் செய்தது புண்ணியம் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. ஊரார் ஊட்டிய மனச்சாட்சி தீயது, அதை மீறிய உள்ளம் நல்லது என்பதை வாசகனே உணர்ந்துகொள்ள வேண்டும். இதுதான் நூலின் பெருமை. இளம் வாசகருக்கு இதுதான் அதன் அபாயமும்.

நூல் வெளியான மறு மாதமே மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்துக் கான்கார்டு நகரத்து நூல்நிலையக் கமிட்டியார் அதை விலக்கினர். காரணம் நிறத்துவேஷமா? இல்லை. நடை கொச்சையானது, பையன் பொய் சொல்லுகிறான், சிறுவர்க்கு ஒழுக்கம் கெடும் என்பதே காரணம். 1905-ல் ப்ரூக்லின் நூல்நிலையத்தார் சிறுவர் பகுதியினின்றும் அதை நீக்கியதும் இதைப் போன்ற காரணத்தினாலேயே. அதில் வரும் இழிசொல் இருநூறு தடவைக்கு மேல் வருகின்றது. அக்கனவான்களின் காதுக்கு அது உறுத்தவேயில்லை. கறுப்புக் குழந்தை அந்நூலைப் படிக்கக்கூடும் என்ற நினைவே அவர்களுக்கு எழவில்லை என்பது அதனால் வெளியாகின்றது.

நிற்க. ட்வெயினின் எழுத்துக்கு அவருடைய செய்கை சாட்சியாகுமா என்பதையும் நோக்குவோம். 1885-ம் வருஷத்தில் யேல் சர்வகலாசாலைச் சட்டப் பள்ளியில் வார்னர் மக்கின் என்னும் கறுப்பு மாணவர் வேலை செய்துகொண்டே வறுமையில் படித்துவந்தார். ட்வெயின் அவருடைய செலவை ஏற்றுக்கொண்டார். அப்போது கல்லூரித் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், கறுப்பரின் ஆண்மையை நசுக்கியவர்கள் வெள்ளையராகிய தாங்களே, அவமானமும் தங்களுடையதே, அதற்கு விலை செலுத்தவேண்டியவர்களும் தாங்களே என்று தெளிவாகக் கூறினார். அதைத் தருமம் என்று அவர் கருதவில்லை. கடன் தீர்ப்பதாகவே கருதினார். மக்கின் 1887-ல் பட்டம் பெற்றுப் பால்ட்டிமோர் நகரில் சிறந்த வக்கீலாகி, பிற்காலத்தில் தர்குட் மார்ஷல் என்னும் இளம் வக்கீலுக்கு வழிகாட்டியாயிருந்தார். அந்த மார்ஷலே 1954-ம் வருஷத்தில், பாடசாலைகளில் நிறம் பற்றிக் குழந்தைகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்ற தீர்ப்பைப் பெற்றவர். 1967-ல் அந்நாட்டு உச்ச நீதிஸ்தலத்தின் முதற் கறுப்பு நீதிபதியானவர்.

1894-ல் ட்வெயினின் புத்தகப் பிரசுரக் கம்பெனி முறிந்தது. அச்சுக் கோக்கும் யந்திரம் ஒன்றில் போட்ட பெரும் பணமும் நஷ்டமாயிற்று. சட்டப்படி முழுக் கடனையும் தீர்க்கவேண்டிய அவசியமில்லாதிருந்தும், உலகம் சுற்றிப் பிரசங்கம் செய்து 1898-க்குள் கடன் முழுவதையும் தீர்த்தார். அந்த யாத்திரையில் 1896-ம் வருஷம் ஜனவரியில் கொழும்பு வழியாகப் பம்பாய் வந்திறங்கினார். காசி, கல்கத்தா முதலிய நகரங்களைப் பார்த்து, மார்ச்சு இறுதியில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, சென்னையில் ஒரு நாள் தங்கி மீண்டும் இலங்கை சென்றார். பம்பாய் ஹோட்டலில் ஒரு ஜெர்மானியர், வேலைக்காரரான இந்தியர் ஒருவரை, குற்றம் இன்னதென்றுகூடச் சொல்லாமல் தாடையில் அறைந்தார். அடிபட்டவர் எதிர்ப்பின்றி மௌனமாக நின்றார். அக்காட்சி ட்வெயினை ஐம்பது வருஷம் பின்னுக்கு இழுத்துச் சென்றது. தம் தகப்பனார் அடிமைச் சிறுவனை அற்பப் பிழைகளுக்காக அறைந்ததும், தமது பத்தாவது வயதில் ஹானிபாலில் ஒருவன் கோபங்கொண்டு இரும்புக் கட்டியை எறிந்து ஓர் அடிமையைக் கொன்றதும் அவர் நினைவுக்கு வந்தன. அடிமையைக் கொல்ல எஜமானனுக்கு உரிமையுண்டென்று அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்ததை 1897-ல் வெளியிட்ட யாத்திரை நூலில் எழுதினார்.

1900-ல் நாடு திரும்பியதும் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தில் சேர்ந்து, மறு வருஷம் முதல் ஆயுள்வரை அதன் உபதலைவர்களில் ஒருவராயிருந்தார். பிலிப்பைன் தீவுகளை அமெரிக்கா அடக்கியதைக் கண்டித்து 1901-ல் எழுதினார். காங்கோ நாட்டில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டு செய்த கொடுமைகளை 1905-ல் அம்பலப்படுத்தினார்.

குறைகளையும் கூறாமல் விடுவது சரித்திரமாகாது. அமெரிக்க ஆதிக்குடிகளைப்பற்றி அவர் எழுதியவற்றுட் பல அவர் பெயருக்கு இழுக்கு. கறுப்பரைப்போல் முகத்தில் மைபூசி வெள்ளையர் ஆடிய கூத்துக்களை அவர் ரசித்தார். தம் சொந்த ராஜ்யமாகிய மிஸ்ஸூரியில் ஜனக் கூட்டம் கறுப்பரைக் கொன்றதைக் கண்டு 1901-ல் கடுமையான கட்டுரை ஒன்று எழுதியும், தென்பகுதியில் தம் நூல்களை வாங்குவார் இராரென்று அஞ்சி உள்ளே வைத்துவிட்டார். அது 1923-ல்தான் வெளிவந்தது. 1910-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி அவர் காலமானார். ஊரார் மனச்சாட்சியை மீறும் தைரியம் தம் கதைச் சிறுவனுக்கு இருந்த அளவு தமக்கு எப்போதும் இருந்ததில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இனி, வழக்கின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். 1957-ம் வருஷத்தில், நிறப்பழிப்புப் பற்றிய ஆட்சேபங்கள் எழுந்திருந்த சமயத்தில், நியூயார்க் நகரக் கல்விச் சபை கீழ்வகுப்புகளின் பாடப்புத்தக ஜாபிதாவினின்றும் இந்நூலை நீக்கிற்று. 1954-ம் வருஷத் தீர்ப்புக்கு மூன்றே வருஷங்களுக்குப் பின் நடந்தது இது. காலத்தின் பொருத்தத்தைக் கவனியுங்கள். வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே நிறைந்த அறையில் படிக்கப்பட்டபோது எவரையும் உறுத்தாத சொல், அங்கே ஒரு கறுப்புக் குழந்தை வந்து அமர்ந்ததும் சவுக்கடியாகிறது. நூல் மாறவில்லை, அறை மாறிவிட்டது. அவன் என்பதற்கும் அவர் என்பதற்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவென்று அறிந்த தமிழ் வாசகருக்கு ஒரு சொல்லால் மனிதனை இழிவுசெய்ய முடியும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

1982-ல் வர்ஜீனியா ராஜ்யத்தில் மார்க் ட்வெயின் பெயரையே தாங்கிய ஒரு பாடசாலையின் கமிட்டி இந்நூலை விலக்கச் சிபார்சு செய்தது. மேலதிகாரி அதை ஏற்கவில்லை. 1998-ல் அரிஸோனா ராஜ்யத்துக் கறுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிஸ்தலம் இரு கூறாகத் தீர்ப்பளித்தது. நூலை விலக்கும்படி கோர்ட்டார் கட்டளையிட இயலாது. ஆனால் மாணவர் ஒருவர் நிறம் பற்றி வசைபாடப்படுவதை அறிந்தும் நிர்வாகிகள் வாளாவிருப்பாராயின் அதற்கு அவர்கள் உத்தரவாதிகள் என்பதே அதன் சாரம். 2011-ல் அலபாமாவில் ஒரு பிரசுராலயத்தார் இழிசொல்லை எடுத்துவிட்டு அடிமை என்ற சொல்லைப் பெய்து புதுப்பதிப்பு வெளியிட்டனர். 2018-ல் மின்னஸோட்டா ராஜ்யத்து டுலூத் நகரப் பாடசாலைகள் கட்டாயப் பாடத்தினின்றும் நீக்கி, விரும்பினோர் படிக்கலாம் என்று வைத்தன.

விலக்கவேண்டுமென்போரின் கட்சியை இலேசாகத் தள்ளிவிடலாகாது. நூலின் கடைப்பகுதியில் டாம் ஸாயர் என்னும் பையன், ஜிம் ஏற்கெனவே விடுதலை பெற்றவர் என்பதை அறிந்திருந்தும், விளையாட்டுக்காக அவரைக் கட்டிவைத்து வாரக்கணக்கில் வதைக்கிறான். நூலாசிரியரின் ஹாஸ்யம் அங்கே வாசகனைக் கூசச்செய்கிறது. நோபல் பரிசு பெற்ற கறுப்பு நூலாசிரியை டோனி மாரிஸன், பள்ளியில் ஆசிரியரின் மேற்பார்வையில் இந்நூலைப் படித்தபோது தனியே படித்ததைவிட அதிக வேதனையும் அடக்கிய கோபமும் உண்டானதாக 1996-ல் எழுதினார். ஆசிரியர் துணையிருந்தும் வேதனை குறையவில்லை, கூடிற்று என்றால் அந்த ஆசிரியரின் போதனை எத்தகையது? ஆயினும் அவ்வம்மையாரே நூலை விலக்கும் முயற்சிகளை ஆதரிக்கவில்லை. அவை குழந்தைகளுக்குக் கல்வி தருவதை விடுத்துப் பெரியவர்களைத் திருப்திசெய்யும் உபாயம் என்று கருதினார்.

நமது அபிப்பிராயம் இது. இந்நூல் பாடசாலையில் இருக்கவேண்டும். பாலரின் வகுப்பில் வைக்கலாகாது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை அறியும் வயதினரின் மேல்வகுப்பில் வைக்கவேண்டும். சொல்லை மாற்றி அச்சிடுவது சரித்திரத்துக்குச் சுண்ணாம்பு பூசுவதாகும். அக்காலத்துக் கண்ணியவான்கள் எவ்வளவு சகஜமாக அச்சொல்லை வழங்கினர் என்பதே மாணவன் அறியவேண்டிய பாடம். ஆனால் அச்சிற் கிடக்கும் சொல்லை வகுப்பில் உரக்கப் படிக்கவேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை. கறுப்புக் குழந்தையை எழுப்பி நிறுத்தி அப்பகுதியைப் படிக்கச் சொல்லும் உபாத்தியாயர் ட்வெயினைப் போதிக்கவில்லை. ஹானிபால் ஊராரின் வேலையைத் தொடர்ந்து செய்கிறார்.

இன்னொன்றும் அவசியம். அடிமை முறையின் கதையை வெள்ளைப் பையனின் வாயால் மட்டும் கேட்டு மாணவர் வீடு திரும்பலாகாது. அடிமையாயிருந்து தப்பிய ப்ரெடரிக் டக்ளஸ் 1845-ம் வருஷத்திலேயே தமது சுயசரிதத்தை வெளியிட்டார். அது ட்வெயின் நூலுக்கு முன்பாகவே வகுப்பில் படிக்கப்படல் வேண்டும். கறுப்பு நாவலாசிரியர் பெர்ஸிவல் எவரெட் 2024-ல் ஜேம்ஸ் என்னும் நாவலில் அதே நதியையும் அதே தெப்பத்தையும் ஜிம்மின் கண்களால் காட்டி, மறு வருஷம் புலிட்ஸர் பரிசு பெற்றார். ட்வெயினின் நூல் விலக்கப்பட்டிருந்தால் அதற்கு மறுமொழியான இந்நூலின் சுவை மாணவருக்கு எட்டுமா? பழைய நூலுக்குச் சரியான விடை புதிய நூலே.

இவ்வளவு ஏற்பாடும் செய்ய மனமில்லாத பாடசாலை ஒன்று உண்டாயின், அது இந்நூலைக் கட்டாயப் பாடமாக வைக்காதிருப்பதே நலம். நூலுக்கு அதனால் நஷ்டமில்லை. நூல்நிலைய அலமாரியில் அது காத்திருக்கும். வகுப்பில் தனியே அமர்ந்திருக்கும் ஒரு குழந்தையின் தலைகுனிவுக்கு ஈடுசெய்யும் இலக்கியம் உலகில் எதுவுமில்லை. ஆனால் விலக்குவதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணும் கமிட்டியார், கான்கார்டு நகரத்துக் கனவான்களைப் போலவே, கண்ணுக்கு உறுத்துவதை அகற்றிவிட்டு உறுத்தலுக்குக் காரணமானதை அப்படியே விட்டவராவர். மக்கின் செலவை ஏற்றபோது ட்வெயின் கொண்ட கருத்தே கல்வி நிர்வாகிகளுக்கும் பொருந்தும்: கடன் இருப்பதை ஒப்புக்கொள்ளவேண்டும், அதைத் தீர்க்கவும் வேண்டும். நல்ல உபாத்தியாயரைத் தேடிப் பயிற்றுவிப்பதும், கறுப்பர் எழுதிய நூல்களுக்குச் சமமான ஆசனம் அளிப்பதும், குழந்தையின் முகத்தைக் கவனித்து வகுப்பை நடத்துவதுமே அக்கடனைத் தீர்க்கும் வழி.